அலைவரிசையைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்: கல்லூரி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

கல்லூரித் தாளாளர், முதல்வர், ஆட்சிக்குழு உறுப்பினர்கள் ஆகியோருக்கு,

நம் கல்லூரி வானொலியின் உரிமத்தைப் புதுப்பிக்காமல் மத்திய அரசிடமே ஒப்படைத்துவிடுவது என்று நீங்கள் எடுத்த முடிவைச் சுற்றறிக்கையில் படித்தேன். ஒலிப்பதிவுக் கூடத்தைச் சேர்க்கை விளம்பரப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோவாக மாற்றப்போகிறீர்கள் என்றும் அதில் இருக்கிறது. மூன்று காரணம் சொல்லியிருக்கிறீர்கள். யாரும் கேட்பதில்லை. எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. மாணவர்களை நம்பி மைக்கைக் கொடுத்தால் வம்பு வருகிறது. மூன்றையும் நான் ஏற்கவில்லை. இதை உங்களுக்குத் தனியாக எழுதிப் பார்த்தேன், பதில் வரவில்லை. அதனால்தான் இப்போது நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் கல்லூரியில் மின்னணுவியல் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். டெல்லிக்கு விண்ணப்பம் எழுதியதிலிருந்து மொட்டை மாடியில் ஆன்டெனா ஏறியது வரை இந்த நிலையத்தோடு இருந்தவன். ஆனால் அந்த உரிமையை வைத்து நான் பேச வரவில்லை. 1973 முதல் 1976 வரை அமெரிக்காவில் முதுகலை படித்தபோது, மாணவர்களே நடத்திய ஒரு வானொலி நிலையத்தில் வேலை செய்தேன். கல்லூரி வானொலி எதனால் பிழைக்கிறது, எதனால் சாகிறது என்பதை அங்கே பார்த்தேன். உங்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அயோவா மாநிலத்தில், சோளக்காடுகளுக்கு நடுவே ஒரு பல்கலைக்கழக ஊர். மாணவர் மன்றக் கட்டடத்தின் நிலவறையில், கொதிகலன் அறையை ஒட்டி இரண்டு அறைகள். சுவரில் எங்கிருந்தோ பிய்த்துக்கொண்டு வந்த பழைய கம்பளம் ஒட்டியிருக்கும். இரண்டு ரெக்கார்டு சுழல்மேசை, இரண்டு ஸ்பூல் டேப் இயந்திரம், ஒரு மைக், மூலையில் முகமைகளின் செய்தியைத் தாளில் அடித்துத் தரும் ஒரு டெலிபிரிண்டர். டிரான்ஸ்மிட்டரின் சக்தி பத்து வாட். இன்று உங்கள் வராந்தாவில் எரிகிற எல்.இ.டி. பல்பின் அளவுதான். மேடான இடமாக இருந்தால் மூன்று நான்கு மைல் கேட்கும்; சில நேரம் ஒரு பண்ணை வீட்டுக்காரர் இன்னும் தள்ளியிருந்தும் கேட்டேன் என்று போன் செய்வார்.

அந்தப் பத்து வாட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் எஃப்.எம். வரிசையின் அடிப்பகுதியை, 88 முதல் 92 மெகாஹெர்ட்ஸ் வரை, விளம்பரமில்லாத கல்வி ஒலிபரப்புக்கு என்று 1945-லேயே ஒதுக்கிவிட்டார்கள். 1948-ல் பத்து வாட் இருந்தாலே போதும், கல்லூரி நிலையம் தொடங்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதன் பிறகு சின்னச் சின்னக் கல்லூரிகள்கூட நிலையம் வைத்தன. 1978-ல் அந்தக் கதவை மூடி, இருப்பவர்களும் சக்தியை நூறு வாட்டுக்கு உயர்த்த வேண்டும், இல்லையென்றால் உங்கள் அலைவரிசைக்குப் பாதுகாப்பில்லை என்று சொன்னது வேறு கதை. நான் இருந்த காலம் அந்தச் சின்ன நிலையங்களின் நல்ல காலம்.

உரிமம் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. தப்பு நடந்தால் வாஷிங்டனுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் அவர்கள்தான். ஆனாலும் நிலையத்தின் மேலாளர் ஒரு மாணவர். நிகழ்ச்சி நிரலை ஒவ்வொரு பருவமும் மாணவர்களே உட்கார்ந்து, கத்திச் சண்டை போட்டு, கை தூக்கி முடிவு செய்வார்கள். ஆலோசகர் என்று ஒரு பேராசிரியர் உண்டு. வாரத்துக்கு ஒரு நாள் வருவார், குறிப்பேட்டைப் புரட்டுவார், காபி குடிப்பார், போவார். இது அசட்டையினால் வந்த சுதந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குறிப்பேடு இருக்கிறதே, அது கறாரான சமாச்சாரம். டிரான்ஸ்மிட்டரின் மின்னழுத்தம், மின்னோட்டம் எல்லாம் நேரத்துக்கு நேரம் பார்த்து எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அரசுத் தேர்வு எழுதி அனுமதிச் சீட்டு வாங்கிய ஒருவர் பணியில் இல்லாமல் ஒலிபரப்பக் கூடாது. அந்தச் சீட்டு என்னிடம் கிடையாது. என் நேரத்தில் மீட்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டவள் வரலாறு படித்த ஒரு பெண். அவள் சொன்னால் நான் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வொரு மணி முடிவிலும் நிலையத்தின் பெயரையும் ஊர்ப் பெயரையும் சொல்லியாக வேண்டும். பொறியியல் மாணவன் என்று தலை நிமிர்ந்து போன எனக்கு அங்கே முதலில் கொடுத்த வேலை, கிழிந்த டேப்பைச் சவர பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டுவது.

ஒரு நாள் இரவு ஒரு பையன் ரெக்கார்டு மாட்டும்போது மைக் திறந்திருப்பதைக் கவனிக்காமல் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டான். புகார் வந்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? சம்பவத்தை எழுத்தில் பதிந்தார்கள், அவனை ஒரு மாதம் மைக்கிலிருந்து விலக்கினார்கள், புகார் செய்தவருக்குக் கடிதம் எழுதினார்கள். கடிதத்தை எழுதியவன் அந்தப் பையனேதான், மேலாளர் திருத்தி அனுப்பினார். மறுநாள் காலை வழக்கம்போல் ஒலிபரப்பு நடந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்று உங்களுக்குப் புரியும். நம் கல்லூரியில் நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் எனக்குக் கொடுத்தார்கள். நம் ஊர் இசை. பல்கலைக்கழக நூலகத்தில் கர்நாடக இசை ரெக்கார்டுகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்தன. ஊருக்குப் போய்வரும் நண்பர்களிடம் சொல்லி, பெட்டியில் துணிக்கு நடுவே வைத்துக் கொண்டுவரச் செய்தேன். எனக்கு அடுத்த நிகழ்ச்சி போல்கா என்ற ஐரோப்பிய நடன இசை. அந்தப் பக்கம் செக் நாட்டிலிருந்து குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய; போல்கா நடத்தியவனும் அப்படி ஒருத்தன். மிருதங்கக்காரர் தனியாக வாசிக்கும் தனியாவர்த்தனம் நீண்டுபோனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கடிகாரத்தைக் காட்டுவான். தனியை நடுவில் எப்படியப்பா வெட்டுவது என்று அவனுக்குப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். பிறகு அவனே ஒரு நாள் முன்னதாக வந்து உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருந்தான்.

ஒரு பண்ணையார் போன் செய்து கேட்ட கேள்வியை இன்னும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை. "பாடுகிறவர் ஒவ்வொரு வரியையும் முடித்ததும் அந்த வயலின்காரர் அதையே திரும்பச் சொல்கிறாரே, அவருக்குப் பாடம் இன்னும் சரியாக வரவில்லையா?" என்றார். கேலி இல்லை, அக்கறையாகத்தான் கேட்டார். அடுத்த வாரம் முழு மணி நேரமும் பக்கவாத்தியம் என்றால் என்ன என்பதற்கே போனது. எவ்வளவோ கச்சேரி கேட்டு வளர்ந்த நான், அந்த நிழல்போல் தொடரும் வாசிப்பு ஏன் என்று அதற்கு முன் யோசித்ததே இல்லை. கேட்கிறவன் திருப்பிக் கேள்வி கேட்கும்போதுதான் ஒலிபரப்புகிறவன் படிக்கிறான். போன் எடுக்க ஆளில்லாத, பதிவு செய்ததையே ஓட்டுகிற நிலையத்தில் இது நடக்காது.

1975 ஜனவரி இரண்டாம் வாரம் அமெரிக்காவின் நடுப்பகுதியை ஒரு பெரும் பனிப்புயல் தாக்கியது. விடுதிகளில் எந்தச் சாப்பாட்டுக் கூடம் திறந்திருக்கிறது, எந்தச் சாலையை மூடியிருக்கிறார்கள், யார் வீட்டில் வெப்பமூட்டி நின்றுவிட்டது, யாரிடம் கூடுதல் கம்பளி இருக்கிறது என்பதையெல்லாம் எங்கள் பத்து வாட்தான் சொன்னது. பெரிய நகரத்து நிலையங்களுக்கு எங்கள் ஊர் ஒரு வரிச் செய்தி. எங்களுக்கு அது முழு நாள் வேலை. வெளியே போக முடியாததால் உள்ளே மாட்டிக்கொண்ட நாலைந்து பேர் முறை போட்டுத் தூங்கி, முறை போட்டுப் பேசினோம். யாரிடமும் ஒப்புதல் வாங்கவில்லை. வாங்கப் போயிருந்தால் ஒப்புதல் தர வேண்டியவரே பனியில் மாட்டிக்கொண்டிருந்தார்!

அப்புறம் அந்த ஜூன் மாதம். கோடை விடுமுறை, நிலையத்தில் ஆள் குறைவு. 25-ஆம் தேதி இரவுச் செய்திக்காக நான் உட்கார்ந்திருந்தேன். டெலிபிரிண்டர் நிமிடத்துக்கு அறுபது சொச்சம் சொல் வேகத்தில் கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். அவசரச் செய்தி என்றால் மணி அடிக்கும். மணி அடித்தது. இந்தியாவில் நெருக்கடி நிலை. ஜெயப்பிரகாஷ் நாராயண் கைது. மொரார்ஜி தேசாய் கைது. இந்தியாவில் அப்போது 26-ஆம் தேதி காலை. டெல்லியில் பத்திரிகை அலுவலகங்களுக்கு இரவே மின்சாரத்தைத் துண்டித்திருந்தார்கள், தணிக்கை வந்துகொண்டிருந்தது என்பதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தாளைக் கிழித்து எடுத்து வாசித்தேன். என் நாட்டில் என் அப்பா கேட்க முடியாத செய்தியை, அயோவாவில் மூன்று மைல் சுற்றளவில் இருந்த சோள விவசாயிகளுக்கு நான் சொல்லிக்கொண்டிருந்தேன். கும்பகோணத்திலிருந்து அப்பாவின் ஏரோகிராம் வந்தது. மழை, நெல் விலை, தங்கைக்குப் பார்த்த வரன். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் ஆலோசகர் வந்தார். கேட்டது மூன்று கேள்வி. எந்த முகமையின் செய்தி? எத்தனை மணிக்கு வந்தது? நீ ஏதாவது சேர்த்தாயா? தாளைக் காட்டினேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இந்திய மாணவர்களில் சிலருக்கு என்மேல் கோபம். வெளிநாட்டில் வந்து சொந்த நாட்டின் மானத்தை வாங்குகிறாய் என்றார்கள். ஒருவர் நிலையத்துக்கே எழுதினார். அமெரிக்க ஒலிபரப்பில் அப்போது ஒரு விதி இருந்தது: சர்ச்சைக்குரிய விஷயத்தைப் பேசினால் மறுதரப்புக்கும் இடம் தர வேண்டும். 1949-லிருந்து 1987 வரை அது நடைமுறையில் இருந்தது. மேலாளர் அந்த நண்பரைக் கூப்பிட்டு, என்னுடைய ஞாயிறு நேரத்திலிருந்து கால் மணி நேரத்தை எடுத்து அவருக்குக் கொடுத்தார். எனக்கு எரிச்சல்தான். அவர் வந்து, ரயில்கள் நேரத்துக்கு ஓடுகின்றன, வேலைநிறுத்தம் நின்றுவிட்டது, நாட்டுக்கு ஒழுங்கு தேவை என்று நன்றாகவே பேசினார். நானே அவருக்கு மைக்கைச் சரிசெய்து வைத்து, ஒலியளவு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டு அரசைக் கலைத்த செய்தியையும் அதே அறையில்தான் வாசித்தேன். அந்த வாரம் அவர் தானாகவே வந்தார். இருவரும் சேர்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். அவர் கருத்து கொஞ்சம் மாறியிருந்தது.

நிர்வாகக் குழுவினரே, இருபது வயதுப் பிள்ளைகளிடம் அலைவரிசையைக் கொடுப்பது ஆபத்து என்கிறீர்கள். எனக்குத் தெரிந்து, தான் சொல்லும் ஒவ்வொரு சொல்லுக்கும் தானே பதில் சொல்ல வேண்டும் என்பதை அந்த வயதில் கற்றுக்கொடுக்க அதைவிடச் சிறந்த இடம் வேறில்லை. வகுப்பறையில் தப்பாக எழுதினால் மதிப்பெண் போகும். மைக்கில் தப்பாகச் சொன்னால் கேட்டவர் போன் செய்வார்.

நம் நாட்டில் இது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். நான் அயோவாவில் ரெக்கார்டு சுழற்றிக்கொண்டிருந்தபோது இங்கே வானொலி என்றால் ஆகாசவாணி மட்டும்தான். வீட்டில் வானொலிப் பெட்டி வைத்திருக்கவே தபால் ஆபீஸில் பணம் கட்டி லைசென்ஸ் எடுக்க வேண்டும். 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம்தான் ஆகாயத்தை ஆண்டுகொண்டிருந்தது. அலைவரிசைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995 பிப்ரவரியில். கல்வி நிறுவனங்கள் நிலையம் வைக்கலாம் என்ற கொள்கை 2002 இறுதியில். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸில் நாட்டின் முதல் வளாக வானொலி பேசத் தொடங்கியபோது நான் சென்னைக்குப் போய், பையில் கொண்டுபோன டிரான்சிஸ்டரில் அதைக் கேட்டேன். அமெரிக்காவில் பிள்ளைகள் அன்றாடம் செய்துகொண்டிருந்த ஒன்றுக்கு நாம் கால் நூற்றாண்டுக்கும் மேல் காத்திருந்தோம். அதைத்தான் நீங்கள் ஒரு தீர்மானத்தில் திருப்பிக் கொடுக்கப்போகிறீர்கள்.

இனி நம் நிலையம். தொடக்கத்தில் எப்படி இருந்தது என்று உங்கள் குழுவிலேயே சிலருக்கு நினைவிருக்கும். காலையில் உள்ளூர் பஸ் நேரம், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் உளுந்து விலை, நெல் விலை. மேட்டூர் திறந்தால் எந்த வாய்க்காலில் தண்ணீர் எங்கே வந்திருக்கிறது என்று கடைமடை விவசாயிகளே போனில் சொல்வார்கள். ஒரு தாவரவியல் மாணவி அதை வரிசைப்படுத்திப் படிப்பாள். சுற்றுக் கிராமத்துப் பாட்டிகளிடம் நடவுப் பாட்டு பதிவு செய்துகொண்டு வந்தார்கள். டீக்கடையில் நம் நிலையம் ஓடியது. யாரும் கேட்பதில்லை என்று இன்று சொல்பவர்கள் அன்று அந்தப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றதில்லை போலிருக்கிறது.

பிறகு விடுதித் தண்ணீர் பற்றி மாணவர்கள் ஒரு நேரலை நடத்தினார்கள். தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று நாலு பேர் சொன்னார்கள். வார்டனையும் பேசக் கூப்பிட்டிருந்தார்கள், அவர் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வாரமே உத்தரவு: நேரலை கூடாது. எழுத்துப்படியை மூன்று நாள் முன்னதாகக் கொடுத்து மூன்று கையெழுத்து வாங்க வேண்டும். அரசு விதிப்படி வளாக வானொலி செய்தி சொல்லக் கூடாதே என்று காரணம் காட்டினார்கள். இந்தக் காரணம் அரைகுறை. செய்தி என்றால் ஆகாசவாணியின் செய்தியை மாற்றாமல் எடுத்து ஒலிபரப்பலாம், சொந்தமாகத் தயாரிக்கக் கூடாது என்பது உண்மை. அந்த விதியே தப்பு என்பது என் கருத்து, அதை டெல்லிக்குத் தனியே எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அதே வழிகாட்டு நெறிகள் எதெல்லாம் செய்தியில் சேராது என்றும் சொல்கின்றன: போக்குவரத்து, வானிலை, தேர்வு முடிவு, வேலைவாய்ப்பு, மின்சாரம், தண்ணீர், இயற்கைச் சீற்றம், உடல்நல எச்சரிக்கை பற்றிய அறிவிப்புகள், உள்ளூர்க் கலை நிகழ்ச்சிகள். விடுதித் தண்ணீரைப் பற்றிப் பேசியதற்கு டெல்லி நம்மை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டது நீங்கள்தான்.

மூன்று கையெழுத்துக்காக மூன்று மேசைகளில் அலைய யாருக்குப் பொறுமை இருக்கும்? பிள்ளைகள் மெல்ல நழுவினார்கள். அதன் பிறகு நிலையத்தில் ஓடியது ஆண்டுவிழாப் பேச்சு, நிறுவனர் நாள் பேச்சு, திரும்ப ஆண்டுவிழாப் பேச்சு. இதை யார் கேட்பார்கள், சொல்லுங்கள்? முதலில் வாயைக் கட்டினீர்கள், இப்போது பேசவில்லை என்கிறீர்கள்.

செல்போன் இருக்கிறது என்ற வாதத்துக்கு நான் 2018 நவம்பரைத்தான் பதிலாகச் சொல்வேன். 16-ஆம் தேதி அதிகாலை வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடந்தது. தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன. மின்கம்பங்கள் ஊர் ஊராக விழுந்தன, பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன் கோபுரங்கள் செத்துக் கிடந்தன. எல்லோர் கையிலும் போன் இருந்தது, யாருடைய போனும் பேசவில்லை. நம் கல்லூரியில் ஜெனரேட்டர் ஓடியது. அலுவலகத்துக்கும் விடுதிக்கும் வெளிச்சம் இருந்தது. ஆன்டெனா தப்பித்து நின்றது. பாட்டரி போட்ட டிரான்சிஸ்டர் கிராமத்துப் பரண்களில் இன்னும் கிடக்கிறது. எங்கே முகாம், எங்கே குடிநீர் லாரி, எந்தச் சாலையில் மரம் அகற்றியாயிற்று என்று சொல்ல நம் நிலையம் போதும். நான் நடந்தே வந்து பார்த்தேன். கூடம் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் ஊரில் இல்லை; இருந்த நாலு மாணவர்கள், அனுமதி இல்லாமல் திறந்தால் டி.சி. கொடுத்துவிடுவார்கள் சார் என்றார்கள். அயோவாவில் பனிப்புயலில் நாங்கள் செய்ததை இவர்களும் செய்திருப்பார்கள். அவர்களுக்குத் திறமை இருந்தது. அன்று அவர்கள் கையில் சாவி இல்லாமல் போனதற்கு இந்த நிர்வாகம் இன்றுவரை யாருக்கும் பதில் சொல்லவில்லை.

உரிமத்தைக் கைவிட்டவர்களின் கதையும் இருக்கிறது, அதையும் பாருங்கள். ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகம் 1960-களில் மாணவர்கள் தொடங்கிய தன் நிலையத்தை விற்பதாக 2010-ல் அறிவித்தது. விலை 95 லட்சம் டாலர். மாணவர்கள் எதிர்த்தார்கள், ஆனாலும் விற்றுவிட்டார்கள். பிறகு குறைந்த சக்தியுள்ள ஒரு சின்ன அலைவரிசையைப் பிடித்து 2015-ல் திரும்பக் காற்றில் ஏற அவர்கள் படாத பாடு பட்டார்கள். நாஷ்வில்லின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஊடக அமைப்பு தன் நிலையத்தை 33.5 லட்சம் டாலருக்கு விற்க 2011-ல் ஒப்பந்தம் செய்தது. அவை தவறான முடிவுகள் என்றே நினைக்கிறேன். ஆனாலும் அவர்கள் கைக்குப் பணமாவது வந்தது. நம் நாட்டு விதிப்படி இந்த அனுமதியை வேறொருவருக்கு மாற்றித் தரவே முடியாது. நீங்கள் சும்மா கொடுக்கிறீர்கள். நாளை மனசு மாறினால் மறுபடி முதலிலிருந்து விண்ணப்பம், அமைச்சகங்களின் ஒப்புதல், அலைவரிசை ஒதுக்கீடு. நாங்கள் முதல் முறை அந்தக் கோப்பின் பின்னால் அலைந்தது எனக்குத்தான் தெரியும்.

பணம் பிரச்சினை என்று சுற்றறிக்கையில் எழுதவில்லை, ஆனால் பேச்சில் சொல்கிறீர்கள் என்று கேள்வி. 2024-ல் திருத்திய வழிகாட்டு நெறிகளில் மணிக்கு 12 நிமிடம் வரை விளம்பரம் அனுமதித்திருக்கிறார்கள், முன்பு 7 நிமிடம்தான். அரசு விளம்பரத்துக்குப் பத்து வினாடிக்கு 74 ரூபாய் என்று நிர்ணயித்திருக்கிறார்கள். லாபம் வராது, சரி. மின்கட்டணத்துக்கும் ஒரு தொழில்நுட்பப் பணியாளரின் சம்பளத்துக்கும் கணிசமாக உதவும். ஊரில் உள்ள விதைக்கடையும் நெல் அரவை மில்லும் போதும், கேட்கும் நிலையமாக இருந்தால் தருவார்கள்.

ஆகவே என் கோரிக்கைகள். முதலாவதாக, உரிமத்தை ஒப்படைக்கும் தீர்மானத்தை நிறுத்தி வையுங்கள். புதுப்பிப்பதற்கான விண்ணப்பத்தைக் கெடு முடிவதற்குள் அனுப்புங்கள். தாள்வேலை முழுவதையும் நான் செய்து தருகிறேன், சம்பளம் வேண்டாம். விளம்பரப் பட ஸ்டூடியோ வேண்டுமென்றால் கல்லூரியில் வேறு அறை இல்லாமல் இல்லை.

அடுத்து, மூன்று கையெழுத்து முறையை ரத்து செய்து எழுத்துபூர்வமாக அறிவியுங்கள். நேரலையை மறுபடி அனுமதியுங்கள். மாணவர்களே தேர்ந்தெடுக்கும் ஒரு நிலைய மேலாளர், அவருக்குக் கீழே ஒரு குழு, மேலே ஒரே ஒரு பேராசிரியர் ஆலோசகர் என்று வைத்துக்கொள்ளலாம். ஆலோசகருக்குத் தடுக்கும் அதிகாரம் வேண்டாம். ஒலிபரப்பான பிறகு விசாரிக்கும் அதிகாரம் போதும். யார் என்ன சொன்னார்கள் என்பதற்குக் குறிப்பேடு, புகாருக்குக் குறித்த நாளுக்குள் பதில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதே நிகழ்ச்சியில் மறுமொழி சொல்ல நேரம். தப்பு செய்தவரை விலக்குங்கள், நிலையத்தை மூடாதீர்கள்.

பேரிடர் நாள்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். கூடத்தின் சாவி ஒன்று விடுதி மாணவர் பிரதிநிதியிடம் எப்போதும் இருக்க வேண்டும். ஜெனரேட்டர் இணைப்பில் டிரான்ஸ்மிட்டரும் சேர வேண்டும். மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்புகளை உடனே ஒலிபரப்ப யாருடைய அனுமதியும் தேவையில்லை என்று இப்போதே எழுதி ஒட்டுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஒத்திகை நடத்துங்கள்.

கடைசியாக, கூடத்தில் உள்ள கணினி வன்தட்டுகளை யாரும் அழிக்கக் கூடாது. நடவுப் பாட்டுகளும் கடைமடை விவசாயிகளின் குரல்களும் அதில் இருக்கின்றன; பாடிய பாட்டிகளில் பலர் இப்போது இல்லை. நகல் எடுத்து ஒன்றை நூலகத்தில் வையுங்கள், பாடியவர்களின் குடும்பங்களுக்கு ஒரு நகல் கொடுங்கள்.

இந்த நான்குக்கும் ஆட்சிக்குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் பதில் தாருங்கள். அந்தக் கூட்டத்தில் நானும், நிலையத்தில் வேலை செய்த பழைய மாணவர்கள் இருவரும், இப்போது படிக்கும் மாணவர் ஒருவரும் பேச அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மறுப்பதாக இருந்தால் அந்தக் காரணத்தையும் சுற்றறிக்கையாகவே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேராசிரியர், மின்னணுவியல் துறை